எரிமலை விளிம்பில் எவ்வளவு நேரம் நிற்கலாம்?

கேள்வி: நானும் நண்பர்கள் இருவரும் ஆகஸ்டில் முதுகுப்பையோடு இந்தோனேசியாவுக்குக் கிளம்புகிறோம். கிழக்கு ஜாவாவில் ப்ரோமோ, இஜென் ஆகிய இரண்டு எரிமலைகளிலும் ஏறுவதாகத் திட்டம். மூவரும் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியவர்கள், நடை எங்களுக்குப் பிரச்சினை இல்லை. எரிமலை என்றதும் அம்மா பயந்துவிட்டார். ப்ரோமோவின் விளிம்பில் பிள்ளையார் உட்கார்ந்திருக்கும் படத்தைக் காட்டித்தான் சமாதானப்படுத்தினேன். இஜெனில் நள்ளிரவில் ஏறி, பள்ளத்துக்குள் இறங்கி நீலத் தீயைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. "தினமும் நூற்றுக்கணக்கானவர்கள் போகிறார்கள், மாஸ்க்கும் நாங்களே தருகிறோம், ஒன்றும் ஆகாது" என்கிறார் டூர் ஏற்பாடு செய்பவர். ஆனால் ப்ரோமோ லெவல் 2 எச்சரிக்கையில் இருப்பதாக இணையத்தில் பார்த்தேன். லெவல் 2 என்றால் போகலாமா, கூடாதா? இன்னொன்றும் கேட்க வேண்டும். சின்ன வயதில் எனக்கு வீசிங் இருந்தது. இப்போதும் மார்கழிப் பனியில் எப்போதாவது இன்ஹேலர் எடுக்க வேண்டியிருக்கும். நண்பர்களிடம் இதைச் சொல்லவில்லை.
— வாசகர், ஈரோடு

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், தம்பி. நீங்கள் கேட்ட மற்ற எல்லாவற்றுக்கும் 'போகலாம், ஆனால்' என்று பதில் சொல்ல இடம் இருக்கிறது. இதற்கு இல்லை. இஜென் பள்ளத்துக்குள் நீங்கள் இறங்கக் கூடாது. வீசிங் இருப்பதை நண்பர்கள் இருவரிடமும், உங்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டியிடமும் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். உங்களுக்கு மூச்சு முட்டும்போது இன்ஹேலர் பையின் எந்த அறையில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காரணம் இதுதான். இஜென் பள்ளத்தின் அடியிலிருந்து கிளம்பும் புகையில் சல்பர் டை ஆக்சைடு நிறைய இருக்கிறது. ஆரோக்கியமான நுரையீரல் உள்ளவருக்குக் கண் எரிச்சலோடும் தொண்டைக் கரகரப்போடும் போய்விடக்கூடிய அளவே, ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக் குழாய்களைச் சில நிமிடங்களில் இறுக்கிவிடும். உட்கார்ந்திருக்கும்போது மூக்கால் மூச்சு விடுகிறோம். அந்த வாயுவின் பெரும்பகுதியை மூக்கின் ஈரமே பிடித்துவைத்துக்கொள்ளும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது வாயைத் திறந்துவிடுகிறோம், வாயு நேரே உள்ளே போகிறது. ஆகஸ்டின் பின்னிரவில் அந்த உயரத்தில் அடிக்கும் குளிர் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்கழிப் பனியே உங்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்கிறீர்கள். பயணத்துக்கு முன் நெஞ்சக நோய் மருத்துவர் ஒருவரைப் பார்த்து, இஜெனின் விளிம்பு வரையாவது போகலாமா என்று நேரடியாகக் கேளுங்கள். 2024 தொடக்கத்திலிருந்து இஜென் ஏற உடல்நலச் சான்றிதழ் கேட்கிறார்கள். அடிவார ஊர்களில் அது எளிதாகக் கிடைத்துவிடும். அந்தக் காகிதத்தை வைத்து உங்கள் நுரையீரலைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள். அதை எழுதித் தருபவரிடம் வீசிங்கை மறைக்கவும் மறைக்காதீர்கள்.

மாஸ்க் விஷயம் பெரிது. கொரோனா காலத்தில் நமக்குப் பழகிய என்-95 முகக்கவசம் தூசியையும் சாம்பலையும் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. கந்தக வாயுவைத் தடுக்க, அமில வாயுக்களுக்கென்றே செய்த கார்ட்ரிட்ஜ் பொருத்திய ரப்பர் மாஸ்க் வேண்டும். வாடகைக்குக் கிடைப்பது பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் கார்ட்ரிட்ஜுக்கு ஆயுள் உண்டு; உள்ளே இருக்கும் கரி வாயுவை உறிஞ்சி உறிஞ்சி ஒரு கட்டத்தில் நிரம்பிவிடும். உங்கள் கைக்கு வருவது எத்தனை பேர் முகத்தில் ஏறி இறங்கியது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. போட்டுப் பார்க்கும்போது மூச்சை உள்ளே இழுங்கள், மாஸ்க் முகத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஓரத்தில் காற்று கசிந்தால் அது வெறும் ரப்பர்தான். தாடி வைத்திருந்தால் கட்டாயம் கசியும். உங்கள் நண்பர்கள் இருவரும் பள்ளத்துக்குள் இறங்குவதாக இருந்தால், இங்கேயே தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாதனம் விற்கும் கடையில் புது மாஸ்க்கும், உறை பிரிக்காத கார்ட்ரிட்ஜும் வாங்கிக்கொண்டு போகட்டும். கண்ணுக்குக் காற்றுப் புகாத கண்ணாடி வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்று அதைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கண்ணாடிக்கு மாறிவிட வேண்டும்.

எந்த மாஸ்க்கும் காப்பாற்றாத வாயு ஒன்றும் உண்டு. அது கரியமில வாயு. நிறம் கிடையாது, மணம் கிடையாது, காற்றைவிடக் கனம். காற்றோட்டம் இல்லாத நாட்களில் எரிமலைப் பகுதியின் தாழ்வுகளில் தேங்கிக் கிடக்கும். அங்கே இல்லாத பிராணவாயுவை கார்ட்ரிட்ஜால் தர முடியாது. 1979 பிப்ரவரியில் இதே ஜாவாவின் டியெங் மேட்டுநிலத்தில் ஒரு சிறு வெடிப்புக்குப் பயந்து விடியற்காலையில் ஓடிய கிராம மக்கள், வழியில் தேங்கியிருந்த இந்த வாயுவுக்குள் போய் விழுந்தார்கள். 140க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். பாதையை விட்டு விலகிப் பள்ளமான இடத்தில் போய் உட்காராதீர்கள், படுக்காதீர்கள் என்று வழிகாட்டிகள் சொல்வது இதனால்தான். ஹைட்ரஜன் சல்பைடு இன்னொரு வகை. அழுகிய முட்டை நாற்றத்தோடு வரும், அளவு ஏறியதும் மூக்கை மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். அப்போதுதான் அங்கிருந்து கிளம்பியே ஆக வேண்டும். 2018 மார்ச்சில் இஜென் பள்ளத்தில் உள்ள ஏரியிலிருந்து ஒரு மாலையில் வாயு பொங்கிக் கீழே இறங்கியது. அடிவாரக் கிராமத்தினர் சுமார் 30 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. அவர்கள் யாரும் மலை ஏறியவர்கள் அல்ல.

நீலத் தீயைப் பற்றி ஒரு வார்த்தை. பலரும் அதை நீல நிற எரிமலைக் குழம்பு என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். குழம்பு அங்கே கிடையாது. பாறை வெடிப்புகளிலிருந்து 600 டிகிரி வரை சூடாக வெளிவரும் கந்தக வாயு, காற்றைத் தொட்டதும் பற்றி எரிகிறது. பகலிலும் அது எரிந்துகொண்டுதான் இருக்கும், நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கந்தகம் எரிந்தால் உண்டாவது சல்பர் டை ஆக்சைடுதான் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். அந்தத் தீயைப் பக்கத்தில் போய்ப் பார்க்கிறவர், உலகத்தில் மனிதன் மூச்சு விடவே கூடாத காற்றுகளில் ஒன்றுக்கு நடுவே நிற்கிறார்.

அந்தக் காற்றில்தான் தினமும் வேலை செய்கிறார்கள் கந்தகத் தொழிலாளிகள். வாயு வரும் இடத்தில் குழாய்களைப் பதித்திருக்கிறார்கள். குழாய் வழியே வரும்போது வாயு குளிர்ந்து, செந்நிறக் கூழாக வழிந்து, தரையில் மஞ்சளாக இறுகுகிறது. அதைக் கடப்பாரையால் பெயர்த்து, மூங்கில் தண்டின் இரு முனைகளிலும் உள்ள கூடைகளில் அடுக்குகிறார்கள். ஒரு நடைக்கு 70, 80 கிலோ. அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு பள்ளத்தின் செங்குத்தான சுவரில் மேலே வந்து, அங்கிருந்து அடிவாரத்தில் உள்ள பால்டுடிங் வரை சுமார் 3 கி.மீ. இறங்க வேண்டும். அவர்களில் பலர் கட்டியிருப்பது ஈரத் துணி, பல்லிடுக்கில் கடித்த நிலையில். தோள் எலும்பின் மேல் சதை தடித்துக் குமிழாகியிருக்கும். சர்க்கரையை வெளுக்க அந்தக் கந்தகம் ஆலைகளுக்குப் போகிறது. இப்போது பலர் சுமையை விட்டுவிட்டு வழிகாட்டியாகவும், களைத்துப்போன பயணிகளை இழுவண்டியில் ஏற்றி இழுப்பவராகவும் மாறியிருக்கிறார்கள். இழுவண்டியில் ஏறுவது கௌரவக் குறைவு என்று நினைக்க வேண்டாம், தம்பி. கந்தகக் கூடையைவிட அந்த வேலை அவர்கள் உடம்புக்கு ஆயிரம் மடங்கு நல்லது. சுமையோடு ஒருவர் எதிரே வந்தால் மலைச் சுவர்ப் பக்கம் ஒட்டி நில்லுங்கள். அகலமான பாதை அவருக்குச் சேர வேண்டும். பள்ளத்தின் பக்கம் ஒதுங்கினால் உங்கள் காலுக்குக் கீழே இருப்பது உதிரி மண். 2024 ஏப்ரலில் இதே இஜெனின் விளிம்பில் படத்துக்கு நின்ற ஒரு சுற்றுலாப் பயணி பின்னால் சரிந்து பள்ளத்தில் விழுந்து இறந்தார். அன்று எரிமலை எந்தச் சேட்டையும் செய்யவில்லை.

இனி லெவல் 2க்கு வருவோம். இந்தோனேசியாவில் எரிமலைகளைக் கண்காணிக்கும் அரசு மையம் நான்கு நிலைகளில் எச்சரிக்கை தருகிறது. 1 இயல்பு நிலை, 2 விழிப்பு, 3 தயார் நிலை, 4 உச்ச அபாயம். மாக்மா இந்தோனேசியா என்ற அவர்களுடைய இணையதளத்தில் ஒவ்வொரு மலையின் நிலையும் இருக்கிறது. எல்லோரும் அந்த எண்ணையும் நிறத்தையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் படிக்க வேண்டியது அதற்குக் கீழே இருக்கும் பரிந்துரையை. எரிமலை வாயிலிருந்து எத்தனை கிலோமீட்டருக்குள் யாரும் போகக் கூடாது என்று அங்கேதான் எழுதியிருப்பார்கள். லெவல் 2இல் இருக்கும் ப்ரோமோவுக்கு அது வழக்கமாக 1 கி.மீ. உங்கள் பிள்ளையார் சிலை இருப்பதோ வாயின் விளிம்பிலேயே. ஜீப்பில் வந்து, மணல்வெளியைக் கடந்து, படிக்கட்டு ஏறி அந்த விளிம்பில் நிற்கும் ஒவ்வொருவரும் அறிவியலாளர்கள் வேண்டாம் என்ற வட்டத்துக்குள் நிற்கிறார்கள். டிக்கெட் கொடுத்தார்கள், அதனால் அனுமதி இருக்கிறது, அதனால் ஆபத்தில்லை என்று மனம் ஒன்றோடொன்றைக் கோத்துக்கொள்கிறது. டிக்கெட் கொடுப்பது ஒரு அலுவலகம், மலையை அளப்பது வேறு அலுவலகம். இரண்டும் ஒன்றுபோல முடிவெடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

இந்த இடைவெளி எதைச் செய்யும் என்பதை மேற்குச் சுமத்ராவின் மராபி மலை காட்டியது. ஜாவாவில் இருக்கும் மெராபி வேறு, இது வேறு; தேடும்போது எழுத்தைக் கவனியுங்கள். 2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மலையில் சுமார் 75 பேர் இருந்தார்கள், பலர் மாணவர்கள். பதிவு செய்து, முறையாக அனுமதி பெற்று ஏறியவர்கள். பிற்பகலில் மலை வெடித்தது, சாம்பல் உச்சிக்கு மேலே 3 கி.மீ. எழும்பியது. 24 பேர் இறந்தார்கள். அந்த மலை 2011இலிருந்தே லெவல் 2இல் இருந்தது. வாயிலிருந்து 3 கி.மீ.க்குள் போகக் கூடாது என்ற பரிந்துரையும் அமலில் இருந்தது. மீட்புக் குழுவினர் வழுக்கும் சாம்பலில், மலை மீண்டும் மீண்டும் வெடித்துக்கொண்டிருக்கும்போதே, காயம்பட்டவர்களைத் தோளில் சுமந்து இறக்கினார்கள். எரிமலையைப் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் மராபியைச் சொல்லாமல் விடுவதில்லை.

சரி, முன்கூட்டியே தெரியாதா என்பீர்கள். பெரிய வெடிப்பு பல சமயம் தெரியும். ஆழத்திலிருந்து குழம்பு மேலே ஏறும்போது பாறையை உடைத்துக்கொண்டு வர வேண்டும். நிலம் அதிரும், வீங்கும், வாயுவின் அளவு மாறும், கருவிகள் பதிவு செய்யும். மலையேறுபவர்களைப் பெரும்பாலும் கொல்வது வேறு வகை. மழைநீர் உள்ளே இறங்கிச் சூடான பாறையைச் சுற்றித் தேங்குகிறது. கந்தகமும் களிமண்ணும் படிந்து மேலே உள்ள இடுக்குகளை மூடிவிடுகின்றன. பருப்பு நுரை அடைத்துக்கொண்ட குக்கரில் என்ன நடக்குமோ அதுதான் நடக்கிறது. மூடி விட்டுப்போனதும் தண்ணீர் நொடியில் நீராவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து, பாறைத் துண்டுகளை வாரி இறைக்கிறது. குழம்பு அசையவே இல்லை என்பதால் நாட்கணக்கில் முன்னறிவிப்பு வராது. ஜப்பானின் ஒன்டாகே மலையில் 2014 செப்டம்பர் 27 அன்று நடந்தது இதுவே. இலையுதிர் காலச் சனிக்கிழமை, நல்ல வெயில், மதியம் 11.52 மணி, உச்சியில் கூட்டம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம். அன்று அந்த மலையின் எச்சரிக்கை நிலை 1, அதாவது இருப்பதிலேயே குறைந்தது. அதிர்வு தொடங்கியதற்கும் வெடித்ததற்கும் இடையே சுமார் 11 நிமிடம்தான். 58 பேர் இறந்தார்கள், 5 பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. பெரும்பாலானவர்களைக் கொன்றது பறந்துவந்த கற்கள். நியூசிலாந்தின் வக்காரி தீவில் 2019 டிசம்பர் 9 அன்று 22 பேர் இறந்ததும் இப்படி ஒரு நீராவி வெடிப்பில்தான். அங்கே மூன்று வாரத்துக்கு முன்பே நிலையை 2க்கு உயர்த்தியிருந்தார்கள். படகுகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டேதான் இருந்தன.

ஆகவே லெவல் 1 என்றால் போகலாம், 2 என்றால் கூடாது என்று உங்களுக்கு எழுதித்தர என்னால் முடியாது. லெவல் 3, 4 என்றால் கேள்வியே இல்லை, வேறு ஊருக்கு டிக்கெட் போடுங்கள். 1இலும் 2இலும் உங்கள் கையில் இருப்பவை இரண்டுதான்: வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள், எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள். நீராவி வெடிப்பு எறியும் கற்களில் பெரும்பாலானவை சில நூறு மீட்டருக்குள், பெரிய வெடிப்பானால் ஒரு கிலோமீட்டருக்குள் விழுந்துவிடும். விளிம்பில் 10 நிமிடம் நிற்பவரைவிட ஒரு மணி நேரம் நிற்பவர் ஆறு மடங்கு ஆபத்தை ஏற்கிறார். இதில் கணக்குக்கு மேல் எதுவும் இல்லை. ஆனாலும் விளிம்பில்தான் எல்லோரும் சிற்றுண்டிப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள், ட்ரோன் விடுகிறார்கள், கூட்டமாகப் படம் எடுக்கிறார்கள். அந்த வேலைகளையெல்லாம் கீழே இறங்கி வந்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். ப்ரோமோவில் விடியலைப் பெனன்ஜாகன் முனையிலிருந்து பார்ப்பேன். அது 2,770 மீட்டர் உயரம், பழைய பெரும்பள்ளத்தின் எதிர் விளிம்பு, வாயிலிருந்து நல்ல தொலைவு. மூடுபனி நிறைந்த மணல்வெளிக்கு நடுவே ப்ரோமோ புகைவதும், பின்னால் செமேரு மலை நிமிர்ந்து நிற்பதும் அங்கிருந்துதான் தெரியும். நீங்கள் பார்த்த புகழ்பெற்ற படங்களில் அநேகம் அங்கே எடுத்தவை. பிறகு மணல்வெளியில் இறங்கி, அங்குள்ள கோயிலுக்குப் போவேன். அந்தப் பகுதியில் வாழும் டெங்கர் மக்கள் இன்றும் இந்துக்களாகவே இருக்கிறார்கள். ஆண்டுதோறும் கசடா விழாவில் நெல், காய்கறி, ஆடு, கோழி என்று எரிமலை வாய்க்குள் காணிக்கை போடுகிறார்கள். அவர்களுக்கு அந்த விளிம்பு வழிபாட்டு இடம், அதற்கான ஆபத்தை அறிந்தே ஏறுகிறார்கள். நீங்கள் ஏறுவதா வேண்டாமா என்பதை அன்றைய பரிந்துரையைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஏறினால் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு உடனே இறங்கிவிடுங்கள். ஆகஸ்டில் மணல்வெளித் தூசி கடுமையாகக் கிளம்பும், அங்கே என்-95 உங்களுக்குக் கட்டாயம் தேவை.

இஜெனில் நீலத் தீயை விட்டுவிடுங்கள். ஆசை பெரிது என்பது தெரிகிறது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். நண்பர்கள் முன்னால் போகட்டும். மருத்துவர் சரி என்றால், விடிந்த பிறகு மெதுவாக ஏறுங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, புகைக்கு எதிர்ப் பக்கத்திலிருந்து ஏரியைப் பாருங்கள். உலகிலேயே மிகப் பெரிய கடும் அமில ஏரி அது. வெயில் விழ விழ அதன் பச்சையும் நீலமும் கலந்த நிறம் வெளிவருவதை, இருட்டில் போய் இருட்டிலேயே திரும்புகிறவர்கள் தவறவிடுகிறார்கள். புகை உங்கள் பக்கம் திரும்பினால் படத்தை முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நிற்காதீர்கள். இருமல் வந்த முதல் நொடியில் திரும்பிவிடுங்கள்.

வெடித்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் மூவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். போனை எடுக்கக் கூடாது. கற்கள் விழும் முதல் நிமிடங்களில் பெரிய பாறைக்குப் பின்னால் குறுகி உட்கார்ந்து, பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொள்ள வேண்டும். கல் மழை ஓய்ந்ததும் காற்று வரும் திசையை நோக்கி, ஓடைப் பள்ளங்களில் இறங்காமல், மேட்டு வரப்பு வழியாகவே விலகிப் போக வேண்டும். சூடான சாம்பலும் சேறும் பள்ளத்தைத்தான் பிடித்துக்கொண்டு வரும். இலகுவான ஹெல்மெட் ஒன்று பையில் அரை கிலோகூட இருக்காது.

பயணக் காப்பீடு எடுக்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். அரசு தடை செய்த பகுதிக்குள் நேரும் விபத்துக்கு உண்டா, மலையேற்றத்துக்கு உண்டா, ஏற்கெனவே உள்ள ஆஸ்துமாவுக்கு உண்டா என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீசிங்கை விண்ணப்பத்தில் மறைத்தால் மருத்துவமனைச் செலவு முழுவதும் வீட்டுத் தலையில் விழும். டூர் ஏற்பாடு செய்பவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: அன்று காலை மலை மூடப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா, அல்லது வேறு இடம் காட்டுவாரா? இதற்குத் தெளிவாகப் பதில் சொல்பவரோடு போங்கள். மூடினால் நஷ்டம் என்ற நிலையில் இருப்பவர், மூட வேண்டிய நாளிலும் உங்களை மேலே ஏற்றத்தான் பார்ப்பார்.

அம்மாவிடம் பிள்ளையார் படத்தோடு இந்தப் பதிலையும் காட்டுங்கள். எந்த நாள் எந்த மலை, எத்தனை மணிக்கு இறங்கிவிடுவீர்கள், வழிகாட்டியின் எண் என்ன என்பதை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு மலையிலிருந்தும் இறங்கியதும் முதல் அழைப்பு அவருக்குப் போகட்டும்.